கூடுதல் பதினைந்து நாள்

ஜனவரி 5, திங்கள்

ராசிபுரத்தில் இறங்கும்போது மணி பதினொன்று. தோளில் ஒரு பை, கையில் துணிப்பெட்டி, இன்னொரு கையில் அளக்கும் கருவிகள் இருக்கும் மரப்பெட்டி. மரப்பெட்டிக்கும் ஒரு டிக்கெட் வாங்கச் சொன்னார் கண்டக்டர். வாங்கினேன். சேலத்திலிருந்து பக்கத்து இருக்கையில் அதுதான் உட்கார்ந்து வந்தது. வாயைத் திறக்காத நல்ல துணை.

ஆலை, கருமந்தம்பட்டிக்கு வெளியே இருக்கிறது. குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற சின்ன ஆலை. இந்தப் பக்கத்தில் 'சேகோ' என்கிறார்கள். கிழங்கு கழுவிய தண்ணீரும் மாவு வடித்த தண்ணீரும் பின்னால் இரண்டு குட்டைகளில் தேங்கி அழுகுகின்றன. அதிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. பூமியைச் சூடாக்குவதில் புகைக்கே அண்ணன் அது. குட்டையை முறையாக மூடி, அந்த வாயுவைப் பிடித்து எரிக்கும் கலன் கட்ட அரசு முக்கால் பங்கு மானியம் கொடுக்கிறது. கொடுப்பதற்கு முன்னால், இப்போது எவ்வளவு கிளம்புகிறது என்று முப்பது நாள் யாராவது அளக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த யாராவது நான்தான்.

முதலாளி பெரியண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "ராசிபுரத்துல லாட்ஜ் போட்டிருக்கறனுங் மேடம், ஏசி ரூமு" என்றார். காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று மூன்று வேளை அளக்க வேண்டும், இங்கேயே ஒரு அறை கொடுங்கள் என்றேன். அவர் முகம் மாவாக வெளுத்தது. பிறகு சரக்கு அறையை ஒதுக்கி, கட்டில் போட்டுக் கொடுத்தார். முழுதும் ஒதுக்கவில்லை. கட்டிலுக்கடியில் பெரிய தார்ப்பாய் மூட்டை ஒன்று கிடக்கிறது.

வந்து சேர்ந்ததும் கை தானாகப் போனை எடுத்தது. எந்த ஊருக்குப் போனாலும் அக்காவைக் கூப்பிட்டு 'சேந்துட்டேன்' என்று சொல்வது வழக்கம். எண்ணைத் தேடி எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. போன ஆடியோடு அந்தப் பழக்கத்துக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். மேலதிகாரி ரங்கநாதன் சார் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

ஜனவரி 6, செவ்வாய்

முதல் நாள் அளவு. கவிழ்த்த தொட்டி போன்ற ஒரு பெட்டியைக் குட்டையில் மிதக்க விட்டு, அதற்குள் சேரும் வாயுவைக் குழாய் வழியாக மீட்டருக்கு இழுக்க வேண்டும். சின்னக் குட்டையில்தான் வாயு அதிகம். கழிவுத் தண்ணீர் முதலில் அங்கேதான் விழுகிறது. அழுகின முட்டை நாற்றம். எனக்கு அது பழக்கம். மல்லிகைப்பூ வாசம்தான் தலைவலி தரும்.

சின்னக் குட்டையின் கரையில் சுற்றிலும் பன்னிரண்டு இரும்பு முளைகள் அடித்திருக்கின்றன. கழுத்தில் கயிறு உரசின பளபளப்பு. மாடு கட்டவா? இந்த ஆலையில் மாடு இல்லை. கேட்கவில்லை.

சாயங்காலம் படிவத்தை எடுத்துவைத்தேன். பதினான்காவது கேள்வி: ஏற்கெனவே வாயுவைப் பிடிக்கும் அமைப்பு ஏதேனும் இருந்ததா? 'ஆம்' என்றால் விண்ணப்பம் அங்கேயே தள்ளுபடி. ஏற்கெனவே யோக்கியனாக இருப்பவனுக்கு எதற்குக் காசு என்று எவரோ யோசித்து எழுதிய கேள்வி. முதல் நாளே 'இல்லை' போட்டுவிடுவது என் வழக்கம். இன்று போடவில்லை. பேனாவில் மை சரியாக இறங்கவில்லை.

தள்ளுபடி ஆனால் இவர்களுக்கு ஆலையே போய்விடும். வாடை தாங்கவில்லை என்று ஊர்க்காரர்கள் புகார் கொடுத்து, பங்குனிக்குள் மூடச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. மானிய விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் வரைக்கும் பூட்ட மாட்டார்கள். இங்கே முப்பத்தெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள்.

எங்கள் தொழிலிலும் ஒரு விதி உண்டு. அறிக்கையில் ஒரே ஒரு வரி பொய் என்று தெரிந்தாலும் மொத்தமும் செல்லாது. வேறொரு ஆள் வந்து முதலிலிருந்து அளக்க வேண்டும். பொய் எழுதியவர் வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டும். போன வருடம் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அப்படித்தான் போனார். எனக்குப் பரிதாபம் வரவில்லை.

ஜனவரி 8, வியாழன்

சாப்பாடு ஆலையின் சமையல்கட்டிலிருந்து வருகிறது. சமைப்பவர் பெயர் பாவாயி. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கணவர் இதே ஆலையில் பிட்டராக இருந்து இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டாராம். தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல், நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தனியாத் திங்கறது ஒடம்புல ஒட்டாதுங் மேடம்" என்றார்.

ஆடியிலிருந்து தனியாகத்தான் தின்கிறேன், எட்டு கிலோ ஏறியிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல்.

ஜனவரி 10, சனி

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் சமையல்கட்டுக்குப் போனேன். பாவாயி விறகடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விறகை நெருக்கி அடுக்கிவிட்டு ஊதுகிறார், புகைகிறது, இருமுகிறார். கிராமத்துக்காரி இப்படி அடுக்குவாளா என்று நானே இரண்டு கட்டையை உருவிப் போட்டேன். பிடித்துக்கொண்டது. மெட்ராஸ்காரிக்கு வந்த வாழ்வு.

"கை மறந்துபோச்சுங்" என்றார்.

சுவரில் புகைக்கறை இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறது. அடுப்புக்கு மேலே ஒரு முழம் மட்டும் கறுப்பு, மீதி எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் உள்ளே வருகிறது. வாயில் துணி அடைத்திருக்கிறது. பழைய தண்ணீர்க் குழாயாக இருக்கும்.

ஜனவரி 12, திங்கள்

கட்டிலுக்கடியில் இருக்கும் மூட்டையில் இன்றும் கால் விரல் இடித்தது. பினாயில் தெளித்தேன், கற்பூரம் வைத்தேன். குட்டை வாடை அதிலிருந்து போகிற மாதிரி இல்லை. பெரியண்ணனிடம் சொன்னேன். "களத்துல விரிக்கறதுங் மேடம், வேற எடமில்ல" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஆலை விடுமுறை. குட்டைக்கு விடுமுறை கிடையாது என்பதால் எனக்கும் கிடையாது. மூன்று வேளையும் அளந்தேன். நடுவில் சும்மா இருந்த நேரத்தில் மரப்பெட்டியைத் துடைத்தேன். பிறகு இன்னொரு தரம் துடைத்தேன்.

பதினொரு மணிக்குப் பாவாயி ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலும் ஒரு துண்டு கரும்பும் கொண்டுவந்தார். பொங்கலில் புகை வாசம் அடித்தது. "வருசா வருசம் இப்பிடி ஆவாதுங், இந்த வாட்டிதான்" என்று அவரே சொன்னார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி முழுதும் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது, "நல்ல நாளும் அதுவுமா ஊட்ல யாரும் கூப்புடலீங்களா?" என்று கேட்டார். வீட்டில் யார் இருந்தால் கூப்பிடுவார்கள்? டவர் கிடைக்கவில்லை என்றேன். மேஜை மேல் கிடந்த போனில் நாலு கோடும் முழுசாகத் தெரிந்தது. பார்த்தாரா என்று தெரியவில்லை.

ஜனவரி 19, திங்கள்

காலை அளவு, மதியம் அளவு, மாலை அளவு. எல்லாம் ஒழுங்கு. இன்று முதல் அவரைப் 'பாவாயிக்கா' என்று கூப்பிடுகிறேன். இங்கே எல்லோரும் எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

"தலை காஞ்சு தேங்கா நாராட்டம் கெடக்குது" என்று சொல்லி, பாவாயிக்கா என்னைக் களத்து ஓரம் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார். எதிரே பெண்கள் ஜவ்வரிசியைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாக என் தலையை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. கண்ணில் எண்ணெய் இறங்கிவிட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் கணவர் பெயர் செல்லப்பன். ஆலைக்கு வருவதற்கு முன் ராசிபுரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவராம்.

"அவரு தெச்சா காத்துக்கூடப் பூராதுங் அம்மிணி. குட்டைக்குக்கூட..." என்று ஆரம்பித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

நானும் குட்டைக்கு என்ன என்று கேட்கவில்லை. தக்காளி விலை பற்றிப் பேசினோம். மேடம் போய் அம்மிணி ஆகியிருக்கிறேன் என்பது அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பதினான்காவது கேள்வி அப்படியே இருக்கிறது. அளவுகளை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக நிரப்பிக்கொள்ளலாம்.

ஜனவரி 30, வெள்ளி

இன்னும் ஐந்து நாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பாவாயிக்கா ஊறுகாய் போட்டுத் தருகிறேன், ஊருக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார். என்றைக்குக் கிளம்புகிறேன் என்று இரண்டு தரம் கேட்டார். ஒருவர் நாள் எண்ணுகிற அளவுக்கு நான் முக்கியமாகி எத்தனை காலமாயிற்று.

ஆவடி வீட்டைத் துணிகளோடு பூட்டிவிட்டு வந்தது ஞாபகம் வருகிறது. கொடியில் அக்காவின் துண்டு ஒன்று இன்னும் தொங்குகிறது. எடுத்து மடித்து வைக்கலாம். மடித்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

மழை. காலை அளவு கெட்டது.

மதியம் களத்தில் உட்கார்ந்து பாவாயிக்காவோடு மொச்சை உரித்தேன். நல்ல வெயில். ஜவ்வரிசி சலசலவென்று காய்ந்திருந்தது.

பிப்ரவரி 4, புதன்

இன்றும் மழை. இரண்டு நாள் அளவு கெட்டால் பதினைந்து நாள் நீட்டிக்கலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. எழுதி அனுப்பிவிட்டேன்.

ரங்கநாதன் சார் கூப்பிட்டார். "தை மாசத்துல மழையா? எங்களுக்கும் கொஞ்சம் அனுப்பி வைங்க" என்று சிரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் இரண்டாவது தரம் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

பாவாயிக்காவிடம் சொல்லச் சமையல்கட்டுக்கே போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இன்னும் பாஞ்சு நாளா?"

"ஆமாக்கா. பத்தொம்பதாம் தேதி வரைக்கும்."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் சந்தோஷம்தான். சிலருக்குச் சந்தோஷத்தைக் காட்டத் தெரியாது. அக்காவும் இப்படித்தான்.

பிப்ரவரி 9, திங்கள்

பாவாயிக்காவுக்கு இருமல் விடவில்லை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருக்கின்றன. சாப்பாட்டை வேறொரு பெண் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் போனாள். தனியாகச் சாப்பிட்டேன். உடம்பில் ஒட்டவில்லை.

இருமல் மருந்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மீட்டருக்குப் பேட்டரி வாங்க ராசிபுரம் போனேன். காலை அளவு எடுத்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பி, மதிய அளவுக்குப் பன்னிரண்டரைக்குத் திரும்பினேன். அறைக்குள் நுழைந்ததும் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வாடை இல்லை. குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கடியில் மூட்டை இருந்த இடத்தில் தரை மட்டும் தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

குட்டைக்குப் போனேன். சின்னக் குட்டையின் மேல் கறுப்புத் தார்ப்பாய் விரித்திருந்தது. பன்னிரண்டு முளையிலும் கயிறு முடிச்சு. ஓரம் முழுக்க மணல் மூட்டை. தையல் ஒவ்வொன்றும் இரட்டைத் தையல், மேலே ரப்பர் பசை. நடுவிலிருந்து ஒரு குழாய் கிளம்பிச் சமையல்கட்டுப் பக்கம் போயிற்று. கரையில் பாவாயிக்காவும் இன்னும் மூன்று பெண்களும் சேறு படிந்த கால்களோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த மூன்று பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

"யார் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங். மொதலாளி சேலம் போயிருக்கறாரு. நாங்களேதான் போட்டோம்."

"ஏன்க்கா?"

அவர் குட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நாலு வருசமா இதுல வர்ற கேசுலதான் சோறாக்குனேன். அவரு சாவறதுக்கு முந்தி தெச்சுக் குடுத்தது. ஏற்கெனவே மூடி இருந்தா மானியம் வராதுன்னு எவனோ மொதலாளிக்குச் சொல்லிப்போட்டான். நீங்க வர்றதுக்கு மொத நாள் கழட்டச் சொன்னாரு. முப்பது நாளுதான் பாவாயி, பல்லக் கடிச்சுட்டு இருன்னாரு. எண்ணீட்டே இருந்தனுங். அடுப்ப ஊதி ஊதி, இன்னும் எட்டு, இன்னும் மூணுன்னு. கடைசி நாளு நீங்க சிரிச்சுட்டு வந்து இன்னும் பாஞ்சுங்கறீங்க."

"மழை..." என்றேன்.

"மழை பேஞ்சுதுன்னு எழுதுனீங்களாமா. மொதலாளி சொன்னாரு." இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கி நாங்க களத்துல நாப்பது மூட்டை காயவெச்சோம் அம்மிணி."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விலகவில்லை. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"உங்ககூட ஒக்காந்து பேச்சுக் குடுக்கச் சொன்னதும் மொதலாளிதான். ஊருக்குள்ள போயி யார்கிட்டயும் கேக்காம, கொள்ளாம பாத்துக்கன்னாரு. அதையும் சொல்லிப்போடறேன். மனசு கேக்க மாட்டீங்குது."

மதிய அளவு எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தரம்.

பிப்ரவரி 13, வெள்ளி

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. முளைகளைப் பார்த்தேன். துணி அடைத்த குழாயைப் பார்த்தேன். வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். ஐந்து வாரமாக அந்தத் தார்ப்பாய்க்கு மேலேயே படுத்துத் தூங்கினேன். எனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்வேன்? இந்த நோட்டில்கூட எழுத முடியாது. எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

காலையில் தார்ப்பாய் லேசாக உப்பியிருந்தது. கரையோரம் பெட்டியை வைத்து அளந்தேன். பூஜ்யம். மறுபடி அளந்தேன். பூஜ்யம். கோடிக்கணக்கில் போட்டுக் கட்டிய கலன்களில் கசிவைப் பார்த்திருக்கிறேன். ஒரு லாரித் தார்ப்பாய்த் தையல்காரர் கட்டியதில் கசிவே இல்லை.

பத்து மணிக்குப் பெரியண்ணன் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செல்லப்பன் இதத் தெக்கறப்ப எங்கிட்ட ஒண்ணுங் கேக்கலீங். வாடை வருதுண்ணா, மூடிப்போடலாம்னான். பெரிய குட்டைக்கும் தெச்சிருப்பான். அதுக்குள்ள போயிட்டான். ஆறு மைல் தள்ளி ஒரு சேகோ இருக்குது. அவன் ஒரு சாக்குக்கூட எடுத்துப் போட்டதில்ல. அவனுக்கு மானியம் சேங்சன் ஆயிருச்சு. நான் செஞ்ச தப்பு என்னங் மேடம்?"

விதிப் புத்தகம் மேஜை மேலேயே இருந்தது. அதில் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நீங்க பாத்தத எழுதுங்க" என்று எழுந்தார். "நான் கெஞ்ச மாட்டேன். ஆனா அந்த முப்பத்தெட்டுப் பேருகிட்டயும் நீங்களே சொல்லிப்போட்டுப் போங்க."

மதியச் சாப்பாடு வந்தது. புகை வாசம் இல்லாத சோறு. யாரும் எதிரில் உட்காரவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

பதினான்காவது கேள்வி.

'இல்லை' என்று போட்டால் ஆலை பிழைக்கும். நான் பொய்க்காரி ஆவேன், செல்லப்பன் எதுவும் செய்யாதவர் ஆவார். 'ஆம்' என்று போட்டால் செல்லப்பன் செய்தது காகிதத்தில் ஏறும், ஆலைக்குப் பூட்டு விழும். பூட்டிய ஆலையில் அடுப்பு மட்டும் எரியுமா?

முப்பதாவது நாள் நான் ஊருக்குக் கிளம்பியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போட்டுவிட்டுப் போயிருப்பேன். தார்ப்பாய் மறுநாளே குட்டைக்குப் போயிருக்கும். அவர்களுக்கு மானியமும் வந்திருக்கும். கெடுத்தது நான்.

காரணத்தை எழுதிவிடுகிறேன். ஆவடிக்குப் போகப் பிடிக்கவில்லை. இங்கே ஒருத்தர் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்காகப் பதினைந்து நாள் திருடினேன். அதற்கான விலையை அவர் தன் நெஞ்சுக்கூட்டிலிருந்து கொடுத்தார்.

பிப்ரவரி 16, திங்கள்

ஊரைக் கழுவிக் கழுவி ஊற்றுகிறவள் தன் வீட்டு முற்றத்தைப் பார்ப்பதில்லை. பதினான்காவது கேள்வியையே முறைத்துக்கொண்டு இருந்ததில், அறிக்கையில் ஏற்கெனவே ஒரு பொய் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரே ஒரு வரி பொய் என்றால் மொத்தமும் செல்லாது.

பிப்ரவரி 17, செவ்வாய்

அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். அதன் நகல் இது.

"பிப்ரவரி 3, 4 தேதிகளில் மழை பெய்து அளவுகள் கெட்டதாக எழுதி, பதினைந்து நாள் நீட்டிப்புப் பெற்றேன். மழை பெய்யவில்லை. அளவுகள் கெடவில்லை. நீட்டிப்புக்கு ஆலையோ அங்கே வேலை செய்பவர்களோ எந்த வகையிலும் பொறுப்பில்லை. என் அறிக்கையைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

பதினான்காவது கேள்வியைக் காலியாக விட்டேன். செல்லாத அறிக்கையில் எந்தக் கேள்விக்கும் பதில் தேவையில்லை. இது தந்திரம்தானே என்று யாராவது கேட்டால், ஆமாம், தந்திரம்தான். புது ஆள் வந்து அளக்க ஆறு மாதமாவது ஆகும். அதுவரை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும். ஆலையைப் பூட்ட மாட்டார்கள்.

மானியத் துறைக்குத் தனியாக இன்னொரு கடிதம். ஊர் பெயரும் ஆலை பெயரும் போடவில்லை. முன்கூட்டியே நல்லது செய்தவனைத் தண்டிக்கிற விதியை மாற்றுங்கள் என்று நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் கோபமாகவே எழுதிவிட்டேன்.

பெரியண்ணனிடம் சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப உங்க வேலைங்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆள் வரும்போது தார்ப்பாயைக் கழற்றாதீர்கள், அதற்குள் விதி மாறாவிட்டால் எல்லா ஆலைக்காரர்களும் சேர்ந்து போய்ச் சண்டை போடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். செய்வாரா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

ரங்கநாதன் சார் காலையிலேயே கூப்பிட்டார்.

"இருபத்திரண்டு வருஷம், வனஜா. ஏம்மா இப்படி?"

"மழை பெய்யலை சார்."

"கருவிப் பெட்டியை ஆபீஸ்ல ஒப்படைச்சிருங்க" என்றார். அவர் நல்லவர். போனை வைப்பதற்கு முன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மாலை பேருந்துக்கு நிற்கும்போது பாவாயிக்கா வந்தார். கையில் ஊறுகாய் பாட்டில். இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பேருந்து தூரத்தில் தெரிந்தபோதுதான் பேசினார்.

"மொதலாளி சொல்லித்தான் வந்தேன்னு சொன்னனில்லீங். அது மொத வாரம்."

"அப்புறம்?"

"அப்பறம் அவரு சொல்றத உட்டுப்போட்டாரு. கெழங்கு வரத்துக் கூடுனதுல அவருக்கு அது நெனப்பே இல்ல." பாட்டிலை என் பைக்குள் திணித்தார். "நானாத்தான் வந்துட்டிருந்தேன். போயிச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்."

மரப்பெட்டியைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். அதற்கும் டிக்கெட் வாங்கினேன்.

பிப்ரவரி 19, வியாழன்

காலை எட்டு மணிக்கே அலுவலகத்துக்குப் போய்ப் பெட்டியை ஒப்படைத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆவடிக்கு வந்து கதவைத் திறக்கும்போது மணி நாலு. எட்டு மணி நேரம் எங்கே சுற்றினேன் என்று கேட்க ஆள் இல்லை என்பதால் எழுதவும் இல்லை. வீட்டில் பூட்டிய வாடை. எல்லா ஜன்னலையும் திறந்தேன். கொடியில் இருந்த துண்டை எடுத்து மடித்து, என் துணிகளோடேயே வைத்தேன்.

கை போனை எடுத்தது.

"சேந்துட்டேன்க்கா."

"சேந்துட்டீங்களா? காலைலயே சேந்திருக்கோணுமே, பயந்துபோட்டேன். சாப்டாச்சா? இருங் அம்மிணி, அடுப்புல பாலு வெச்சிருக்கறேன், பொங்கிப்போயிரும். நானே அப்பறமாக் கூப்புடறேன்."

போன் நிற்பதற்கு முன் அந்த அடுப்பு உஸ்ஸென்று எரிகிற சத்தம் கேட்டது. இருமல் சத்தம் கேட்கவில்லை.

இப்போது மணி ஆறு. மாலை அளவு எடுக்கிற நேரம். தட்டில் சோறு போட்டு, ஓரத்தில் ஊறுகாய் வைத்திருக்கிறேன். இன்னும் கை வைக்கவில்லை. போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, தட்டுக்கு எதிரில் வைத்திருக்கிறேன்.